எங்கள் கமாண்டுக்கு டேப் கம்ப்ளீஷன்: பேஷ் ஃபைலைக் கையால் எழுதவா, டூலையே பதில் சொல்ல விடவா?

மடிவாளா_மொட்டைமாடி
வியாழன், இரவு 10:48

பெங்களூரில் சின்ன டீம் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் கிட்டுக்கு (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டூல்) மேலே போர்வை மாதிரி ஒரு கமாண்ட் லைன் டூல் ஓடுகிறது. நிஜப் பெயர் வேண்டாம், இந்த இழைக்கு 'பெட்டி' என்று வைத்துக்கொள்வோம். பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) போடுவது, ரிவ்யூவுக்கு அனுப்புவது, ரிலீஸ் டேக் அடிப்பது எல்லாமே பெட்டி வழியாகத்தான். பைத்தானில் எழுதியது. 23 சப்கமாண்ட்.

தொல்லை பிராஞ்ச் பெயர்களில். டீம் பெயர், ஒரு ஸ்லாஷ், டிக்கெட் எண், அப்புறம் போட்டவர் மனசுக்குத் தோன்றியபடி நாலு வார்த்தை. 'பேமெண்ட்/4417-ரீஃபண்ட்-ரெண்டு-தடவை' என்கிற ரகம். 'கிட் ஸ்விட்ச்' என்று அடித்து, மீதிப் பெயரை வரவைக்க டேப் தட்டிப் பழகிய கை, 'பெட்டி ஸ்விட்ச்' என்று அடித்தாலும் தட்டிவிடுகிறது. வந்து நிற்பதோ அந்த ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல் பெயர்கள். சொல்லித்தராத கமாண்டுக்கு பேஷ் (டெர்மினலில் நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல்) வேறு என்ன செய்யும்?

நேற்று சில்க் போர்டில் பஸ் நகராமல் நின்றபோது லேப்டாப்பைத் திறந்து 40 வரியில் ஒரு பேஷ் ஃபங்ஷன் எழுதினேன். டேப் தட்டியதும் பேஷ் அதைக் கூப்பிடுகிறது. இதுவரை அடித்த வார்த்தைகள் காம்ப்_வேர்ட்ஸ் என்ற அரேயில் இருக்கும். கர்சர் எத்தனையாவது வார்த்தையில் நிற்கிறது என்பது காம்ப்_சிவேர்டில். நம் பதிலை காம்ப்ரிப்ளையில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவ்வளவுதானா என்று இருந்தது.

ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. சப்கமாண்ட் பட்டியலை ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதிவைத்தேன். இன்று காலை டீமில் ஒருவர் 'அன்டூ' என்று புதிதாக ஒன்று சேர்த்தார், என் ஃபைலுக்கு அது தெரியாது. அடுத்து, பிராஞ்ச் பெயர்களுக்காக உள்ளே 'பெட்டி லிஸ்ட்' ஓட்டுகிறேன். ஒவ்வொரு டேபுக்கும் அரை நொடி ஆகிறது. அதற்குள் கை இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட, '1,312 இருக்கின்றன, எல்லாவற்றையும் காட்டவா' என்று பேஷ் கேட்கிறது.

இப்படியே கையால் ஒப்பேற்றுவதா, பெட்டியையே பதில் சொல்ல வைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


அலியாஸ்_ஆசாமி
வியாழன், இரவு 11:05

இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? கன்ட்ரோல்-ஆர் அடித்துப் பழைய கமாண்டுகளில் தேடினால் நேற்று அடித்த பிராஞ்ச் வந்துவிடும். நான் 'பெ' என்று ஓர் அலியாஸ் (கமாண்டுக்குச் சுருக்கப் பெயர்), 'பெஸ்' என்று இன்னொன்று, இதை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டுகிறேன். இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினால் அதையும் யாராவது கட்டி மேய்க்க வேண்டும்.


ஜெயநகர்_பழைய_டெர்மினல்
வெள்ளி, காலை 6:40

ஆசாமி, நேற்று அடித்தது வரும். இன்று காலை இன்னொருவர் போட்ட பிராஞ்சுக்கு ரிவ்யூ பார்க்க வேண்டுமே, அது எந்த ஹிஸ்டரியில் இருக்கும்?

தம்பி, உங்கள் முதல் தொல்லை கிட்டுக்கே பல வருஷம் இருந்தது. கிட் பிறந்தது 2005. அதற்கான பேஷ் கம்ப்ளீஷனை ஷான் பியர்ஸ் 2006-லேயே எழுதிவிட்டார். அது கிட்டின் கான்ட்ரிப் ஃபோல்டரில் இன்றும் இருக்கிறது. அந்த ஸ்கிரிப்டில் ஒவ்வொரு சப்கமாண்டுக்கும் என்னென்ன ஆப்ஷன் என்று கையால் எழுதியிருப்பார்கள். கிட்டில் யாராவது ஓர் ஆப்ஷன் சேர்த்து ஸ்கிரிப்டைத் தொட மறந்தால், டேப் தட்டுகிறவருக்கு அப்படி ஓர் ஆப்ஷன் இருப்பதே தெரியாது. 2018 வாக்கில்தான் வழியை மாற்றினார்கள். கிட் கமாண்டுகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆப்ஷனைக் கொடுத்தால், அந்தக் கமாண்டே 'என்னிடம் இருப்பவை இவை' என்று பட்டியலை ஒப்பித்துவிடும். ஸ்கிரிப்ட் அதை வாங்கி டேபுக்குக் கொடுத்தால் போதும்.

கிட் மாதிரியே வேலை செய்யும் மெர்குரியலில் 'டீபக்கம்ப்ளீட்' என்று ஒரு கமாண்ட் இதே வேலைக்கு. கோ மொழியில் கோப்ரா லைப்ரரியை வைத்து எழுதிய டூல்களில் மறைவாக ஒரு 'கம்ப்ளீட்' கமாண்ட் உண்டு, குபெக்டலில் டேப் தட்டினால் பின்னால் ஓடுவது அதுதான். கிட் ரகத்தைச் சேர்ந்த ஜுஜுட்சுவிலும் இப்போது டூலே பதில் சொல்கிற வழி வந்துவிட்டது. ஆப்ஷன்களை எந்த நிரல் படித்துப் புரிந்துகொள்கிறதோ, கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியதும் அதுவேதான். பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று கட்டாயம் பழசாகும்.

இந்த வசதியே பேஷில் பிறந்ததல்ல. 1970-களில் டெனெக்ஸ் என்ற சிஸ்டத்தில் பாதிப் பெயரை அடித்து எஸ்கேப் தட்டினால் மீதி வரும். டிசிஷெல் என்ற இன்னொரு ஷெல்லின் பெயரில் உள்ள 'டி' அந்த டெனெக்ஸிலிருந்து வந்ததுதான். பேஷில் நாமே ஃபங்ஷன் எழுதிச் சேர்க்கிற வழி 2.04 பதிப்பில் வந்தது, 2000-ஆம் ஆண்டு. அதாவது நான் இந்த ஊருக்கு வந்து ரிச்மண்ட் சர்க்கிளில் ஃப்ளைஓவர் வேலையைப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் போன காலம்.


மீன்_முள்
வெள்ளி, காலை 9:12

ஃபிஷ் ஷெல்லுக்கு மாறிவிடுங்கள். டேப் தட்டினால் பெயரோடு பக்கத்திலேயே விளக்கமும் வரும். மேன் பேஜைப் படித்துத் தானே கம்ப்ளீஷன் செய்துகொள்ளும். 2005-லிருந்து இருக்கிறது, இன்னும் எல்லோரும் பேஷைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.


மடிவாளா_மொட்டைமாடி
வெள்ளி, காலை 9:40

அண்ணா, வரலாற்றோடு சொன்னதற்கு நன்றி. பெட்டியில் ஒரு மறைவான கமாண்ட் சேர்க்கிறேன். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு டேபுக்கும் பைத்தான் எழுந்து வர வேண்டுமே? இரண்டாவது தொல்லை இன்னும் பெரிதாகாதா?

மீன்_முள், டீமில் பாதிப் பேர் பேஷ், மூன்று பேர் மேக். எல்லோரையும் ஷெல் மாறச் சொல்ல எனக்கு அந்த ஆபீஸில் அவ்வளவு செல்வாக்கு இல்லை.


பெல்லந்தூர்_நுரை
வெள்ளி, காலை 10:25

மேக் என்றதும் ஓடி வந்தேன். எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மேக்கோடு வருகிற பேஷ் 3.2 பதிப்பு, 2006-ல் வெளிவந்தது. அடுத்த பதிப்புகள் ஜிபிஎல் 3 உரிமத்துக்குப் போய்விட்டதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. அதில் கம்ப்ளீஷன் ஆப்ஷன்களை மாற்றும் 'காம்ப்ஆப்ட்' கிடையாது, வரிகளை அரேயில் ஏற்றும் 'மேப்ஃபைல்' கிடையாது. உங்கள் லினக்ஸில் ஓடுவது அங்கே வாயைப் பிளக்கும்.

2019-ல் வந்த கேடலினாவிலிருந்து மேக்கில் முதல் ஷெல் இசட்ஷெல்தான். அதன் கம்ப்ளீஷன் தனி உலகம். ஃபைலின் முதல் வரியில் 'காம்ப்டெஃப்' என்று போட்டு, எஃப்பாத்தில் (இசட்ஷெல் ஃபங்ஷன்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) இருக்கிற ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஃபைல் பெயர் கமாண்ட் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. பேஷ் ஸ்கிரிப்டையே இசட்ஷெல்லில் ஓட்ட ஒரு குறுக்குவழியும் உண்டு. ஓடும். ஆனால் விளக்கங்கள் வராது.


ஜெயநகர்_பழைய_டெர்மினல்
வெள்ளி, மதியம் 1:15

வேகத்துக்கு வருகிறேன். கேட்கப்படும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சப்கமாண்ட் பெயரும் ஆப்ஷனும் பெட்டியின் அடுத்த பதிப்பு வரும்வரை மாறாது. இன்ஸ்டால் செய்யும்போதே பெட்டியை ஒரு தடவை ஓட்டி, பட்டியலை அச்சிட்டு, அந்த ஃபைலை வைத்துவிடுங்கள். அதற்குப் பைத்தான் எழுந்து வர வேண்டியதில்லை.

பிராஞ்ச் பெயர்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. அதற்கும் பெட்டியிடம் போகாதீர்கள், கீழே கிட் இருக்கிறதே. 'ஃபார்-ஈச்-ரெஃப்' கமாண்டிடம் குறுகிய பெயரை மட்டும் கேளுங்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் தரும். 'கிட் பிராஞ்ச்' வெளியீட்டை வெட்டி ஒட்டாதீர்கள். அது மனிதர் படிக்க, நட்சத்திரக் குறியும் இருக்கும், நிறமும் இருக்கலாம்.

பெட்டிக்குத்தான் தெரியும் என்கிற விஷயம் ஏதாவது மிஞ்சும், ரிவ்யூ எண் மாதிரி. அதற்கு மட்டும் மறைவான கமாண்டைக் கூப்பிடுங்கள். அது ஏன் மெதுவாக எழுகிறது என்று பைத்தானை '-எக்ஸ் இம்போர்ட்டைம்' கொடுத்து ஓட்டிப் பாருங்கள், எந்த இம்போர்ட் எத்தனை மைக்ரோநொடி தின்கிறது என்று வரிவரியாகச் சொல்லும்.

ஒன்று முக்கியம். டேப் தட்டியதற்கு நெட்வொர்க் பக்கம் போகவே கூடாது. விபிஎன் விழுந்த நேரத்தில் யாராவது டேப் தட்டினால் டெர்மினல் அப்படியே உறைந்து நிற்கும், அவர் கன்ட்ரோல்-சி அடித்துவிட்டு உங்களைத் திட்டுவார்.


மடிவாளா_மொட்டைமாடி
வெள்ளி, மாலை 6:50

அண்ணா சொன்னபடி ஓட்டினேன். பெட்டி எழுந்து வர ஆன 430 மில்லிநொடியில் 290-ஐத் தின்றது ரிவ்யூ சர்வரோடு பேசும் லைப்ரரி. 'லிஸ்ட்' கமாண்டுக்கு அது தேவையே இல்லை! ஃபைலின் தலையில் இம்போர்ட் செய்து வைத்திருந்தோம். அதை வேண்டிய ஃபங்ஷனுக்குள் தள்ளினேன். டேப் இருக்கட்டும், பெட்டியே இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறது என்று ஆபீஸில் கேட்டார்கள்.

பிராஞ்சுக்கு 'ஃபார்-ஈச்-ரெஃப்' மாற்றிவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் தாமதம் இல்லை. லோக்கல் பிராஞ்சும் ரிமோட் பிராஞ்சும் இரண்டும் வருகின்றன. 'காம்ப்ஜென் -டபிள்யூ' என்று போட்டு மேற்கோள் குறிக்குள் கிட் தரும் பட்டியலை அப்படியே கொடுத்தேன். அடித்த எழுத்தோடு பொருந்துவதை அதுவே பொறுக்கிக் காம்ப்ரிப்ளைக்குத் தருகிறது.

ஒரு கூத்து. ரெப்போவுக்கு (கிட் கண்காணிக்கும் ஃபோல்டர்) வெளியே நின்று டேப் தட்டினேன். 'இது கிட் ரெப்போ அல்ல' என்ற பிழைச் செய்தி நான் அடித்துக்கொண்டிருந்த வரிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிழை வெளியீட்டை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் 'டெவ்/நல்'லுக்குத் திருப்பியதும் சரியானது.

இன்று இரவு சேலம் பஸ். திங்கள் டீமுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.


மிளகாய்ப்பொடி
வெள்ளி, இரவு 8:02

தம்பி, பஸ் ஏறு, ஆனால் அதைக் கொடுத்துவிடாதே. முதலில் இதைச் செய்து பார்.

புதிதாக ஒரு டெஸ்ட் ரெப்போ திற. கமிட் ஒன்று போடு. டாலர் குறி, அடைப்புக்குறி திற, 'டச்', டாலர் குறியும் நெளிவு அடைப்புக்குள் ஐஎஃப்எஸ், 'அய்யோ', அடைப்புக்குறி மூடு. இதை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து பிராஞ்ச் பெயராகக் கொடு. கிட் மறுக்காது. பிராஞ்ச் பெயரில் இடைவெளி, கோலன், கேள்விக்குறி, நட்சத்திரம் எல்லாம் கூடாது என்று கிட் சொல்லும். டாலரும் அடைப்புக்குறியும் கூடும். இடைவெளிக்குப் பதில்தான் ஐஎஃப்எஸ் (வார்த்தைகளைப் பிரிக்கும் எழுத்துகள் இருக்கும் பேஷ் வேரியபிள்).

இப்போது 'பெட்டி ஸ்விட்ச்' என்று அடித்து டேப் மட்டும் தட்டு. என்டர் அடிக்காதே. அப்புறம் ஃபோல்டரைப் பார்.


மடிவாளா_மொட்டைமாடி
வெள்ளி, இரவு 8:31

'அய்யோ' என்று ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்திருக்கிறது அக்கா. நான் என்டரே அடிக்கவில்லை. 'மெ' என்று அடித்துத்தான் டேப் தட்டினேன், அந்த பிராஞ்ச் பெயரோடு அது பொருந்தக்கூட இல்லை.

மடிவாளாவில் பஸ் இன்னும் வரவில்லை, மழை, ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு இதைப் பார்க்கிறேன்.


மிளகாய்ப்பொடி
வெள்ளி, இரவு 9:10

பொருந்த வேண்டியதே இல்லை. 'காம்ப்ஜென் -டபிள்யூ'வுக்குக் கொடுக்கும் பட்டியலை பேஷ் முதலில் வார்த்தை வார்த்தையாகப் பிரிக்கும். பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் ஷெல் விரிப்பதுபோல் விரிக்கும், அதாவது டாலர்-அடைப்புக்குள் கமாண்ட் இருந்தால் அதை ஓட்டி வந்த பதிலை அங்கே வைக்கும். பொருந்துகிறதா என்று பார்ப்பது அதற்கும் அப்புறம். மேனுவலில் ஒரே வரியில் எழுதியிருக்கும், யாரும் நின்று படிப்பதில்லை. நீ மேற்கோள் குறிக்குள் வைத்தது முதல் விரிப்பைத்தான் தடுக்கும். உள்ளே நடப்பது இரண்டாவது விரிப்பு. பிராஞ்ச் பெயருக்குள் யார் என்ன எழுதியிருக்கிறார்களோ அது உன் லேப்டாப்பில், உன் பெயரில் ஓடும்.

கிட்டின் கான்ட்ரிப்பிலேயே இந்த ஜாதிப் பிழை ஒன்று இருந்தது. டெர்மினல் பிராம்ப்டில் பிராஞ்ச் பெயரைக் காட்டும் ஸ்கிரிப்ட், பெயரைச் சுத்தம் செய்யாமல் பிஎஸ்1-க்குள் (பிராம்ப்டின் வடிவம் இருக்கும் வேரியபிள்) போட்டது. 1.9.3-ல் சரிசெய்தார்கள், பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2014-9938 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. அதில் டேப் கூடத் தட்ட வேண்டாம், அந்த பிராஞ்சில் நின்றாலே போதும்.

சரிசெய்வது எளிது. 'காம்ப்ஜென்'னை இந்த இடத்தில் விட்டுவிடு. கிட் தரும் வரிகளை 'ரீட் -ஆர்' வைத்து ஒவ்வொன்றாக வாங்கு, அடித்த எழுத்தில் தொடங்குகிறதா என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒப்பிடு, தொடங்கினால் காம்ப்ரிப்ளையில் சேர். அடித்த எழுத்தை வைத்திருக்கும் வேரியபிளுக்கு மேற்கோள் போட மறக்காதே. இதில் எங்கும் இரண்டாவது விரிப்பு கிடையாது. கடைசியாக, சேர்க்கும்போது 'பிரிண்ட்எஃப்'பின் '%க்யூ'வால் பெயரைக் கட்டிவிடு, டாலர் மாதிரி எழுத்துகள் வெறும் எழுத்தாகிவிடும். இல்லாவிட்டால் டேப் தப்பித்துவிடும், அடுத்த என்டரில் ஓடும்.


அலியாஸ்_ஆசாமி
வெள்ளி, இரவு 9:44

சொந்த ஆபீஸ் ரெப்போவில் எவன் இப்படி பிராஞ்ச் பெயர் வைக்கப்போகிறான்? பயமுறுத்தாதீர்கள்.


மிளகாய்ப்பொடி
வெள்ளி, இரவு 9:52

ஆபீஸ் ரெப்போவில் மட்டும்தான் அந்த டூலை ஓட்டுவீர்களா? வெளியிலிருந்து ஒரு ரெப்போவை குளோன் செய்தாலே அதன் பிராஞ்ச் பெயர்கள் 'ஆரிஜின்' என்ற முன்னொட்டோடு உங்கள் மெஷினுக்கு வந்துவிடும். தம்பி ரிமோட் பிராஞ்சையும் பட்டியலில் சேர்த்திருக்கிறான். அவ்வளவுதான்.


மடிவாளா_மொட்டைமாடி
ஞாயிறு, மாலை 4:20

அம்மா போட்ட காபியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். 'மேப்ஃபைல்' போட நினைத்தேன், நுரை சொன்ன 3.2 ஞாபகம் வந்து 'வைல் ரீட்'டுக்கே திரும்பினேன். அக்காவின் பிராஞ்சை அந்த டெஸ்ட் ரெப்போவில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். டேப் தட்டினால் 'அய்யோ' வருவதில்லை.

டெஸ்ட் எப்படி என்று யோசித்தால் அதுவும் சுலபம்தான். காம்ப்_வேர்ட்ஸையும் காம்ப்_சிவேர்டையும் நாமே நிரப்பி, ஃபங்ஷனைக் கூப்பிட்டு, காம்ப்ரிப்ளையில் என்ன வந்தது என்று பார்த்தால் போதும். டேப் கீயை யாரும் தொட வேண்டாம். கிட்டிலும் கம்ப்ளீஷனுக்கென்றே 9902 என்ற எண்ணில் ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

இப்போது ஒன்றே ஒன்று மிச்சம். 'பெட்டி ஷோ'வுக்கு பிராஞ்ச், கோலன், ஃபைல் பாதை என்று சேர்த்துக் கொடுப்போம். 'மெயின்:சோ' என்று அடித்து டேப் தட்டினால் 'மெயின்:மெயின்:சோர்ஸ்' என்று வருகிறது.


ஜெயநகர்_பழைய_டெர்மினல்
ஞாயிறு, மாலை 5:35

கோலனில் விழாதவர் யாரும் இல்லை. காம்ப்_வேர்ட்பிரேக்ஸ் என்ற வேரியபிளில் கோலன் இருக்கிறது. ஆகவே பேஷ் கோலனோடு வார்த்தையை வெட்டிவிடுகிறது. அது நிரப்பப் பார்ப்பது கோலனுக்குப் பிறகு இருக்கும் 'சோ'வை மட்டும். நீங்களோ முழுப் பெயரையும் தருகிறீர்கள். பதிலில் கோலன் வரை உள்ளதைச் சீவிவிட்டுக் கொடுங்கள். பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு இருந்தால் பெயரில் 'எல்ட்ரிம்_கோலன்' என்று வரும் ஃபங்ஷன் அதற்கென்றே உண்டு.

அந்த வேரியபிளிலிருந்து கோலனைத் தூக்கிவிடச் சொல்லி இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். அது அந்த ஷெல்லில் ஓடும் எல்லாக் கமாண்டுக்கும் பொது. உங்கள் பெட்டிக்காக மற்றவர் வீட்டுக் கதவைக் கழற்றுகிற வேலை.

ஃபைலை எங்கே வைப்பது என்று கேட்கப்போகிறீர்கள். பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு, டேப் தட்டும்போதுதான் அந்தக் கமாண்டின் பெயரில் இருக்கும் ஃபைலைத் தேடி ஏற்றும். பெயர் அச்சாகப் பொருந்த வேண்டும். பேஷ் திறக்கும்போதெல்லாம் படிக்கும் பேஷ்ஆர்சி ஃபைலில் வரி சேர்க்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு டெர்மினல் திறப்புக்கும் அது சுமை.


பெல்லந்தூர்_நுரை
திங்கள், காலை 11:05

இசட்ஷெல் ஃபைலை என் மேக்கில் போட்டுப் பார்த்தேன் (தம்பி தனியாக அனுப்பினார்). முதலில் ஒன்றுமே வரவில்லை. இசட்ஷெல் தன் கம்ப்ளீஷன் பட்டியலை ஹோம் ஃபோல்டரில் 'இசட்காம்ப்டம்ப்' என்ற ஃபைலில் சேமித்து வைத்துக்கொள்ளும், அதில் பழசு இருந்தது. அழித்துவிட்டு டெர்மினலை மறுபடி திறந்ததும் வந்துவிட்டது. 'அன்டூ' பக்கத்தில் விளக்கம்கூட வருகிறது. இன்ஸ்டால் குறிப்பில் இதை முதல் வரியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த மூன்று மேக்காரர்களும் உங்கள் சீட்டுக்கு வந்து நிற்பார்கள்.


அலியாஸ்_ஆசாமி
புதன், மதியம் 2:30

எங்கள் ஆபீஸ் டூலுக்கும் இதே மாதிரி ஒன்று செய்து பார்த்தேன். முழுப் பெயரை அடித்தால் டேப் வேலை செய்கிறது. என் அலியாஸில் தட்டினால் பழையபடி ஃபைல் பெயர்தான். முழுப் பெயர் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை.


மடிவாளா_மொட்டைமாடி
புதன், மதியம் 2:48

அதே ஃபங்ஷனை அலியாஸ் பெயருக்கும் 'கம்ப்ளீட் -எஃப்' போட்டுக் கட்டிவிடுங்கள், ஒரு வரிதான். ஃபங்ஷனுக்குள் காம்ப்_வேர்ட்ஸின் முதல் வார்த்தையை எடுத்துக் கமாண்டாக ஓட்டியிருந்தால் மட்டும் மாற்றுங்கள், அங்கே உங்கள் அலியாஸ் பெயர்தான் இருக்கும், ஸ்கிரிப்டுக்குள் அது ஓடாது. எனக்கு நேற்றுத்தான் அது உடைந்தது.